சிம்கோ ஏரியில் கறிச்சட்டி கழுவலாமா?

ஏரிக்கரையாள்:
ஒன்ராறியோவில் சிம்கோ ஏரிக்கரையில் இருக்கிற சிபால்ட் பொயின்ற் மாகாணப் பூங்காவில் கோடைக்காலத்துச் சனி, ஞாயிறுகளில் நான் பார்க்கிற காட்சி இது. நீச்சலுக்கு மிதவை கட்டிய இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, பெரிய அலுமினியச் சட்டி ஒன்று தண்ணீருக்குள் இறங்கும். அடிப்பிடித்த ஆட்டிறைச்சிக் கறியை மணல் போட்டுத் தேய்ப்பார்கள். மஞ்சள் எண்ணெய்ப் படலம் அலையோடு கரைக்கு வரும். அந்தத் தண்ணீரைத்தான் பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் வாளியில் அள்ளி விளையாடுகிறார்கள். மிஞ்சிய சோறு கடற்புறாக்களுக்குப் போகும். கரி அடுப்புத் தணல் மரத்தடிக்குப் போகும்.

என் கருத்தை நேராகவே சொல்கிறேன். ஏரிக்கரையில் கூடாரம் போடுகிறவர்கள் பெரிய சமையலை விட்டுவிட வேண்டும். இரண்டு நாள்தானே? பாணும் முட்டையும் போதும். இல்லையென்றால் வீட்டில் சமைத்துக் கொண்டுவாருங்கள்.

ஸ்காபரோ மாமா:
தம்பி, ஏரியில் சட்டி கழுவுவது பிழை. அதில் எனக்கு வாதம் இல்லை. ஆனால் சமையலையே விடச் சொல்வதை ஏற்க மாட்டேன். மூன்று தலைமுறை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதற்காகத்தான் நாங்கள் போகிறோம். வாரம் முழுவதும் ஆளுக்கொரு வேலை நேரம். பேரப்பிள்ளைகளை நான் ஆறுதலாகப் பார்ப்பதே அந்த அடுப்படியில்தான்.

ஏரி கெடுவதற்குக் காரணம் எங்கள் சட்டியா? வயல்களிலிருந்து வழிகிற உரம், நகரங்களின் மழைநீர், கழிவுநீர் நிலையங்கள், காற்றோடு வந்து விழுகிற மண்தூசி என்று எத்தனையோ இருக்கின்றன. அதற்காகத்தான் 2008இல் சிம்கோ ஏரிப் பாதுகாப்புச் சட்டமே வந்தது. இவற்றையெல்லாம் விட்டுவிட்டுக் கறி மணத்தை மட்டும் பிடித்துக்கொள்வது ஏன்? ஒரு பூங்காவில் எங்கள் இடத்துக்குக் காவலர் மூன்று முறை வந்துபோனார். பக்கத்தில் விடியவிடியப் பாட்டுப் போட்டவர்களிடம் ஒருமுறையும் போகவில்லை.

நீரியல் மாணவி:
மாமா, பாசியை வளர்த்து ஏரியைக் கெடுக்கிற பொசுபரசு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், நீங்கள் சொன்ன பட்டியல் சரி. ஏரி முழுவதையும் எடுத்துக்கொண்டால் ஒரு சட்டி ஒரு துளி. எழுநூறு சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்த ஏரி அது. ஆனால் சட்டி கழுவப்படுவது ஏரியின் நடுவில் இல்லையே. முழங்காலளவு தண்ணீரில், காற்று கரைப்பக்கம் தள்ளுகிற இடத்தில் கழுவுகிறார்கள். கொழுப்பும் பருப்பும் அங்கேயே தங்கும்.

சோறு போடுவது அதைவிட மோசம். எங்கள் வீட்டில் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் அம்மா சாப்பிடுவார். அந்தப் பழக்கத்தில் நம்மவர்கள் கடற்புறாவுக்கும் வாத்துக்கும் அள்ளி வீசுகிறார்கள். பறவைகள் அந்த இடத்தை விட்டு அகல்வதில்லை. எச்சம் மணலில் சேர்ந்து, மழையோடு தண்ணீருக்குள் இறங்கும். எச்சத்திலிருந்து வருகிற ஈ. கோலை என்ற குடல் கிருமியின் அளவு கூடிவிட்டால் நீந்த வேண்டாம் என்று பலகை வைத்துவிடுவார்கள்.

'மக்கும்' என்று எழுதிய சவர்க்காரத்தையும் நம்ப வேண்டாம். அதைச் சிதைப்பது மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள். நேரே தண்ணீரில் விட்டால், அழுக்கை நீக்குகிற அதே பொருள் மீனின் செவுளைப் பாதிக்கும்.

அம்மம்மா66:
எல்லோரும் ஏரியைப் பற்றியே பேசுகிறீர்கள். மாமா, அந்த அடுப்படியில் நிற்பது யார்? வெள்ளிக்கிழமை இரவு இறைச்சி வெட்டி, மசாலா தடவி, சனி முழுவதும் புகையில் நின்று, இருட்டில் ரோர்ச் வெளிச்சத்தில் சட்டி தேய்க்கிறவர்கள் பெண்கள். தண்ணீர்க் குழாயடியில் பாத்திரம் கழுவக் கூடாது என்று பலகை தொங்குகிறது. கழிவுநீர் ஊற்றுகிற இடம் தூரத்தில் இருக்கிறது. களைத்துப்போன பெண்ணுக்கு ஏரிதான் கிட்ட. நான் அந்தத் தம்பியின் பக்கம்தான். சமையலைக் குறையுங்கள், நாங்களும் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

ஸ்காபரோ மாமா:
அக்கா, எங்கள் குழுவில் சட்டி கழுவுவது ஆண்கள். அதை எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன்; விரும்புகிறவர்கள் பின்பற்றலாம். சட்டி சூடாக இருக்கும்போதே கடதாசித் துவாயால் கறியையும் எண்ணெயையும் வழித்தெடுத்துக் குப்பைப் பையில் போட்டுவிடுவோம். வழித்த பிறகு சட்டியில் நிறம் மட்டும்தான் இருக்கும். பிறகு ஒரு பேசினில் சுடுதண்ணீர், இன்னொன்றில் அலச. அந்தத் தண்ணீரை வடிதட்டில் வடித்து, சோற்றுப் பருக்கைகளையும் குப்பையில் போட்டு, மிச்சத்தை வாளியில் கழிவுநீர் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவோம். பொரித்த எண்ணெய் ஆறியதும் போத்தலுக்குள் போய்விடும், வீட்டுக்கு வரும். இருபது பேருக்குச் சமைத்தும் ஏரிக்குள் ஒரு சொட்டு விழுவதில்லை.

விறகும் என் வீட்டு முற்றத்தில் வெட்டியதுதான். காசும் மிச்சம்.

ஏரிக்கரையாள்:
விறகைக் கொண்டுபோகாதீர்கள் மாமா, தயவுசெய்து. எமரால்ட் ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு 2002இல் டெட்ரோயிட், வின்ட்சர் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழுக்கள் ஆஷ் மரப் பட்டைக்கு அடியில் சுரங்கம் அறுத்து, மரத்தின் உணவோட்டத்தை நிறுத்திவிடும். அந்த வண்டு தானாகப் பறந்து போகிற தூரம் கொஞ்சம்தான். பெரும்பாலும் விறகோடு காரில் ஏறித்தான் தூர இடங்களுக்குப் பரவியது. ரொறன்ரோ தெருக்களில் ஆஷ் மரங்கள் வரிசை வரிசையாக வெட்டப்பட்டதைப் பார்த்திருப்பீர்கள். 2023இல் ஓக் மரங்களை வாட்டுகிற பூஞ்சை நோயும் நயாகராவில் தென்பட்டது. பூங்கா வாசலில் விற்கிற விறகை வாங்கி அங்கேயே எரித்து முடியுங்கள்.

இருபது பேர் என்றீர்களே. மாகாணப் பூங்காக்களில் ஒரே குடும்பமாக இல்லாவிட்டால் ஒரு கூடார இடத்துக்கு ஆறு பேர்தான். பக்கத்து இடத்தில் கைக்குழந்தையோடு ஒருவர் தூங்க முயன்றுகொண்டிருப்பார். அங்கே அளவுக்கு மீறிய சத்தம் இரவில் மட்டும் தடை என்று நினைக்கிறார்கள், பகலிலும் தடைதான். காவலர் உங்களை மட்டும் குறிவைத்தது அநியாயம், அதை முறையிட வேண்டும். ஆனால் விதி விதிதான்.

கூடாரவாசி:
இந்த இழையில் தணலை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். மணலில் புதைத்த கரித்தணல் மேலே சாம்பலாகத் தெரியும், உள்ளே பல மணி நேரம் கனன்றுகொண்டிருக்கும். வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளைக்கு அது தெரியாது. தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, கையைக் கிட்டே கொண்டுபோனால் சூடு தெரியாத வரைக்கும் அதை விட்டு நகரக் கூடாது. அலுமினியத் தாளை நெருப்பில் போடுகிறவர்களுக்கும் ஒன்று: அது எரியாது. அடுத்து வருகிறவர் அதைச் சாம்பலுக்குள்ளிருந்து பொறுக்குகிறார்.

ஸ்காபரோ மாமா:
தணலைப் பற்றி நல்லதைச் சொன்னீர்கள். விறகை இனி வாசலில் வாங்குகிறேன். ஆறு பேர் கணக்கு எங்களுக்குத் தெரியும். அதற்காகத்தான் பெரிய கூட்டங்களுக்கென்று ஒதுக்கியிருக்கிற குழு முகாம் இடத்தை எடுக்கிறோம். மற்றவர்களிடமிருந்து தள்ளி இருக்கிறது. சட்டியை மட்டும் கேட்காதீர்கள், அதை நான் விட மாட்டேன்.

அம்மம்மா66:
அப்படியென்றால் இறைச்சியை வெட்டுவதும் ஆண்கள்தான் என்று எழுதிவிடுங்கள்.

நீரியல் மாணவி:
குழு முகாம் எல்லாப் பூங்காக்களிலும் இல்லை. இருக்கிற இடங்களும் வேகமாக முடிந்துவிடும். சாதாரண இடங்களுக்கு ஐந்து மாதத்துக்கு முன்னரே, காலை ஏழு மணிக்கு முன்பதிவு திறக்கும். ஓகஸ்ட் முதல் வாரத்துக்கு மார்ச்சிலேயே கணினி முன்னால் உட்கார வேண்டும். மாமா, நீங்கள் குழு இடத்தை எந்தப் பூங்காவில் எடுக்கிறீர்கள்? எங்கள் வீட்டில் பதினான்கு பேர், கடைசியில் இரண்டு இடங்களைத் தனித்தனியாக எடுத்து நடுவில் ஓடித்திரிகிறோம்.