மைக் ஜோடி வைத்த விதத்தில் காதை இன்னும் உறுத்தும் பதிவுகள்: உங்களுடையதையும் எழுதுங்கள்

உப்பனாறு:
தேவனாம்பட்டினம், மாசி மகம், நாயனம் தவில் செட். இரண்டு ஆம்னி மைக் (எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேட்பது), நடுவே 60 செ.மீ., சாதாரண ஏ-பி, அதாவது இரண்டையும் தள்ளித் தள்ளி வைக்கும் முறை. ஹெட்ஃபோனில் கடற்கரையே விரியுது. அதையே ஒற்றைக் குழாய் ஸ்பீக்கரில் போட்டதும் தவில் வலந்தலை (கையால் அடிக்கும் பக்கம்) தகர டப்பா. சாமி நகர, தவில்காரர் ஓரத்திலிருந்து நடுவுக்கு வரும் அந்தச் சில விநாடிகள்தான் விடவே மாட்டேங்குது. அடிக்கு அடி நாதம் மாறி 'உய்ங்'னு மேலே ஏறுது.

காரணம் தெரிந்ததுதான். 45 பாகை ஓரத்தில் ஆள் நின்றால் இரண்டு மைக்குக்கும் தூர வித்தியாசம் சுமார் 42 செ.மீ., அதாவது 1.2 மில்லி விநாடி. மோனோவாக, அதாவது இரண்டையும் ஒரே சேனலாகக் கூட்டினால், ஒன்றையொன்று அழித்து 400, 1200, 2000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழும். ஆள் நடுவுக்கு வர வர வித்தியாசம் குறையும், பள்ளங்கள் மேலே ஓடும்.

பசிலிக்கா பக்கம்:
இங்கே பிரச்சினை நேர்மாறு. புதுச்சேரியில் உயரமான கூரை உள்ள ஒரு மாதா கோவில், பாடகர் குழு 6 மீட்டர் அகலம், மைக் 3 மீட்டர் தள்ளி. கைப் பதிவுக் கருவியில் இருக்கும் எக்ஸ்-ஒய் (இரண்டு மைக்கும் ஒரே இடத்தில், குறுக்காகத் திரும்பியவை), 90 பாகை. பதிவில் முப்பது பேரும் ஒரே தூணுக்குப் பின்னால் ஒண்டி நிற்கிற மாதிரி! 90 பாகை கார்டியாய்ட் (முன்பக்கத்தையே அதிகம் கேட்கும் மைக்) எக்ஸ்-ஒய் 180 பாகையைப் பிடிக்கிற ஜோடி. குழு நின்றதோ 90 பாகைக்குள். மிச்ச இடமெல்லாம் எதிரொலிக்குப் போயிடுச்சு.

அதே ஸ்டாண்டில் ஓஆர்டிஎஃப் முறை: இரண்டு கார்டியாய்டுக்கு நடுவே 17 செ.மீ., வெளிப்பக்கமாக 110 பாகை. பிடிக்கும் கோணம் சுமார் 95, குழு ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் விரிஞ்சிடுச்சு. (பிரெஞ்சு வானொலிக்காரர்கள் தந்த முறை, புதுச்சேரிக்குப் பொருந்தாம போகுமா?) ஆனா நடுவில் நின்று தனியாகப் பாடிய பெண் குரலில் பளபளப்பு போச்சு. நடுவில் இருப்பவருக்கு ஒவ்வொரு மைக்கும் 55 பாகை திரும்பி நிற்கும். அளவில் 2 டெசிபல்தான் குறையும். விலை குறைந்த மைக் என்றால் அந்தக் கோணத்தில் உச்ச அலைவரிசையும் சேர்ந்து மங்கும். 17 செ.மீ. என்பது கேப்சூலுக்குக் கேப்சூல் (ஒலியைப் பிடிக்கும் தலைப்பகுதி), மைக் உடம்பின் வாலுக்கு வால் இல்லை. பலர் அளப்பது வாலைத்தான்.

மேளக்காதன்:
உப்பனாறு அண்ணே, ஏ-பி மேல பழி போடாதீங்க. மோனோவில் போகும்னு தெரிஞ்சா எம்-எஸ்தான் (நடு மைக் ஒன்று, பக்க மைக் ஒன்று) வைக்கணும். புதுசும் இல்லை, 1931-இல் ஆங்கிலப் பொறியாளர் ப்ளும்லைன் ஸ்டீரியோவுக்குக் கேட்ட காப்புரிமையிலேயே இதன் வேர் இருக்கு. முன்னே பார்த்து ஒரு கார்டியாய்ட், அதுக்கு மேலேயே ஒட்டி, பக்கவாட்டில் திரும்பிய ஃபிகர் எட்டு (தன் முன்னும் பின்னும் மட்டும் கேட்கும் மைக்). ஃபிகர் எட்டின் முன்முகம் இடப்பக்கம். பக்க டிராக்கை நகலெடுத்து, நகலின் போலாரிட்டியை, அதாவது அலையின் ஏற்ற இறக்கத்தை, தலைகீழாக்கி, அசலை முழு இடம், நகலை முழு வலம். இரண்டும் ஒரே அளவு, அரை டெசிபல் பிசகினாலும் மோனோவில் மிச்சம் ஒட்டும். நடு மைக்கை விட 6 டெசிபல் கீழே ஆரம்பிச்சு, காது கேட்கிற வரை ஏற்றுங்க. ரொம்ப ஏற்றினால் நடு காலி, நாயனம் அறைக்கு வெளியே நிற்கும். பதிவு ஓடும்போது ஒரு மைக்கின் கெயினை (பதிவு அளவை) மட்டும் தொட்டால் அகலமே மாறிடும், இரண்டு கெயின் திருகையும் டேப் போட்டு ஒட்டிடுங்க. முன்முகம் தப்பி வலத்தில் நின்றால் இட வலம் மாறும். மோனோவில் பக்க டிராக் தன்னைத்தானே அழிச்சுக்கும், நடு மைக் மட்டும் சுத்தமா நிற்கும்.

உப்பனாறு:
நான் கேட்காத பாடம், இருந்தாலும் நன்றி தம்பி. கடற்காற்றில் ஃபிகர் எட்டு வைத்துப் பார்த்திருக்கீங்களா? இந்த வகையறாவில் காற்றுக்கு ரொம்ப அசைகிறது அதுதான், குறைவா அசைகிறது ஆம்னி. தவிலில் குச்சியால் அடிக்கும் தொப்பிப் பக்கத்தின் அடி நாதமும் ஆம்னியில்தான் முழுசா வரும், கார்டியாய்ட் தூரத்தில் அடியை இழக்கும். மோனோவுக்குக் கூட்டாம இடது மைக்கை மட்டும் அனுப்பினால் முடிஞ்சுது. உய்ங் இல்லை.

பசிலிக்கா பக்கம்:
அது சரி. ஆனா வலது ஓரத்துத் தவில் கொஞ்சம் தள்ளிக் கேட்கும், அதைப் பொறுத்துக்கணும்.

வண்டிப்பாளையம்:
இந்தச் சண்டைக்கு நடுவே சின்ன விஷயம். கேப்சூலைத் திருப்பக்கூடிய கருவிகளில் வெளிப்பக்கம் பார்த்ததைக் குறுக்கே மாற்றினால், இடப்பக்கக் கேப்சூல் வலத்தைப் பார்க்கும். இட வலச் சேனலையும் மாற்றணும். விட்டுட்டால் வீடியோவில் தவில் வலத்தில், சத்தம் இடத்தில். கல்யாண வீடியோ பார்க்கிறவருக்குக் காரணம் புரியாது, ஏதோ சரியில்லைனு மட்டும் படும். கருவியைக் கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கவிட்டாலும் இதே கதி. மேளம் தொடங்கும் முன் மைக்குக்கு இடப்பக்கம் நின்று "இடம்"னு சொல்லி ஒரு தரம் கை தட்டிடுங்க.