ஆம்ப் கெயின் செட் பண்ணியும் சத்தம் பிசிறுகிறது, வழி சொல்லுங்கள்

அண்ணாச்சிமாரே, ஒரு உதவி. காரில் நாலு சேனல் ஆம்ப் (ஸ்டீரியோ சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) போட்டிருக்கிறேன். சேனலுக்கு 75 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய சக்தி), ஸ்பீக்கர் 4 ஓம். ஸ்டீரியோ வால்யூம் 40 வரை போகும். ஆனால் 28 தாண்டினாலே நாதஸ்வரம் மேல் ஸ்தாயியில் தகரத்தைச் சுரண்டுவது போலப் பிசிறுகிறது. வில்லுப்பாட்டு போட்டால் குடத்தின் அடி ‘தும்’ என்று விழாமல் ‘டப்’ என்று உடைகிறது.

பொருத்திய கடையில், “கெயினை முக்கால்வாசி திருப்புங்க, சத்தம் அள்ளும்” என்கிறார்கள். ஸ்டீரியோ அனுப்பும் வோல்டேஜுக்கு ஆம்பை ஒத்துப்போக வைக்கத்தானே கெயின்? அது இன்னொரு வால்யூம் திருகு இல்லையே!

சரி என்று மல்டிமீட்டரை எடுத்தேன். பாஸ் பூஸ்ட், லவுட்னஸ் இரண்டையும் அணைத்து, ஈக்வலைசரை ஃபிளாட்டாக வைத்து, ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு, வால்யூம் 30இல் 0 டெசிபல் (பதிவின் உச்ச அளவு), 1 கிலோஹெர்ட்ஸ் டோன் ஓட்டினேன். வாட் 75ஐ ஓம் 4ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், ஆம்ப் அவுட்டில் வர வேண்டியது 17.3 வோல்ட் ஏசி. கெயினை அங்கேயே நிறுத்தியாச்சு. பிசிறு மட்டும் போகவில்லை.

ஸ்டீரியோவே 28க்கு மேல் கிளிப் ஆகிறதோ, அதாவது அலையின் தலையை வெட்டிவிடுகிறதோ என்று சந்தேகம். மீட்டர் வோல்டைத்தான் காட்டும், அலையின் தலை வெட்டுப்பட்டதா என்று காட்டாது. பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை பக்கம் யாரிடமாவது அலையின் வடிவத்தைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப் இருக்கிறதா? ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குப் போகும் ஆர்.சி.ஏ. அவுட்டில் ஒரு தடவை பார்த்தால் போதும். அப்புறம், கோயில் கொடையில் பதிவு செய்தவை சத்தம் குறைவாகவே இருக்கின்றன. அதற்கு 0 டெசிபலுக்குப் பதில் சத்தம் குறைந்த மைனஸ் 5 டெசிபல் டோனில் கெயின் வைக்கலாமா? ட்வீட்டர் (மேல் ஸ்தாயிக்கான சின்ன ஸ்பீக்கர்) தாங்குமா?