13-க்கு 13: குடும்ப குரூப்புல ஒரு ஞாயித்துக்கிழமை

தம்பி: (பலமுறை பார்வர்ட் செய்யப்பட்டது) 13 முறை சட்டமன்றத் தேர்தல்ல நின்னு 13 முறையும் மாபெரும் வித்தியாசத்துல ஜெயிச்சவர் கலைஞர்!! தமிழனா இருந்தா ஷேர் பண்ணுங்க

சித்தப்பா: டேய் மாபெரும் வித்தியாசமா, 1980 அண்ணா நகர் 699 ஓட்டு, 1991 துறைமுகம் 890 ஓட்டு, இதுக்கு பேரு மாபெரும்னா எங்க தெரு பால் சொசைட்டி தேர்தலும் மாபெரும்தான்

பெரியப்பா: ஜெயிச்சாரா இல்லையா அத சொல்லு

சித்தப்பா: ஜெயிச்சாரு அண்ணே யாரு இல்லைங்கறா. ஆனா ஒவ்வொரு தடவையும் தொகுதிய மாத்திக்கிட்டே இருந்தாரே அத பார்வர்ட்ல போடமாட்டாங்க

அத்தை (திருவாரூர்): காலைலயே ஆரம்பிச்சாச்சா ரெண்டு பேரும். முறுக்கு பார்சல் வந்துச்சான்னு யாராவது சொல்லுங்க மொதல்ல

நான்: சித்தப்பா சொல்றது சரிதான், டிஎன்பிஎஸ்சி குரூப் 2 பரீட்சைக்கு படிச்சதுல எழுதி வச்சிருக்கேன். 57 குளித்தலை, 62 தஞ்சாவூர், 67 & 71 சைதாப்பேட்டை, 77 & 80 அண்ணா நகர், 89 & 91 துறைமுகம், 96, 2001, 2006 சேப்பாக்கம், 2011 & 2016 திருவாரூர். மொத்தம் 7 தொகுதி

சித்தப்பா: பாத்தீங்களா 🙏 7 தொகுதி

பெரியப்பா: ஏண்டா மாத்தினாருன்னு தெரியுமா உனக்கு. 57-ல திமுக மொதமொதலா நின்னப்ப ஜெயிச்சது 15 பேரு, அடுத்த தேர்தல்ல அந்த 15 பேரையும் தோக்கடிக்கணும்னு காமராஜர் கங்கணம் கட்டிக்கிட்டு வேலை பாத்தாரு, அண்ணாவே காஞ்சிபுரத்துல ஒரு பஸ் முதலாளிகிட்ட தோத்துப்போனாரு, 15-ல திரும்பி வந்தது இவர் ஒருத்தர்தான், ஏன்னா அண்ணா இவர குளித்தலைலேர்ந்து எடுத்து தஞ்சாவூர்ல நிக்கச் சொன்னாரு, அங்க எதிர்ல நின்னது பரிசுத்த நாடார், சும்மா ஆள் இல்ல. மாத்தினது ஓடிப்போறதுக்கு இல்லடா, பொழைக்கறதுக்கு

சித்தப்பா: ரெண்டும் ஒண்ணுதான் அண்ணே 😄

தம்பி: 57-ல குளித்தலைல எப்படி ஜெயிச்சாரு, நம்ம ஊருகூட இல்லையே அது

நான்: குளித்தலை பக்கத்துல நங்கவரம் பண்ணை விவசாயிங்க பிரச்சனை டா. சட்டசபைல அவரோட மொத பேச்சே அதப்பத்திதான், கேள்வி வரும் நோட் பண்ணிக்கோ

பெரியப்பா: 67-ல வேற கதை. தேர்தல் நிதி 10 லட்சம் வேணும்னு அண்ணா சொன்னாரு, இவரு 11 லட்சம் கொண்டாந்து குடுத்தாரு. விருகம்பாக்கம் மாநாட்டுல வேட்பாளர் பேரு வாசிக்கறப்ப சைதாப்பேட்டைக்கு பேரே சொல்லல, "பதினோரு லட்சம்"னு சொன்னாரு அண்ணா, பந்தலே அதிர்ந்துச்சுன்னு எங்கப்பா சாகறவரைக்கும் சொல்லிட்டிருந்தாரு

சித்தப்பா: சரி 80-க்கு வாங்க

பெரியப்பா: வரேன் அவசரப்படாத. அந்த வருஷம் ஜனவரில பார்லிமெண்ட் தேர்தல், எங்க கூட்டணி 39-ல 37 ஜெயிச்சுது. பிப்ரவரில எம்ஜிஆர் ஆட்சிய டிஸ்மிஸ் பண்ணிட்டாங்க, இனி நம்ம ராஜ்யம்னு எல்லாரும் தோள்ல துண்ட போட்டுக்கிட்டு திரிஞ்சோம். மே மாசம் சட்டசபை தேர்தல்ல ஜனங்க அதே 37-அ எங்க கட்சி கையில குடுத்தாங்க, ஆனா இந்த தடவ 234-ல

சித்தப்பா: 😂😂 இத நீங்களே சொல்லிட்டீங்க நான் சொல்லல

பெரியப்பா: அப்ப நான் அண்ணா நகர்ல வாடகை வீட்ல இருந்தேன். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தா சுவர் எழுதற வேலைதான். மொத நாளே சுண்ணாம்பு அடிச்சு காயவிட்டுரணும், அப்புறம் நடுவுல ஒரு ஆணி அடிச்சு அதுல சணல் கட்டி மறுமுனைல கரித்துண்ட வச்சு அரைவட்டம் இழுக்கணும், ரெண்டு பக்கம் மலை, மேல கதிர் எண்ணி போடணும் ஒண்ணு நீளம் ஒண்ணு குட்டைன்னு, ஒரு சுவருக்கு ரெண்டு மணி நேரம் ஆகும்

சித்தப்பா: எங்களுக்கு என்ன, பிரஷ்ஷ பச்சைல முக்கி இந்தப் பக்கம் ஒரு இழுப்பு அந்தப் பக்கம் ஒரு இழுப்பு, ரெண்டு இலை ரெடி. நீங்க ஒரு சூரியன் உதிக்க வைக்கறதுக்குள்ள நாங்க தெருவையே முடிச்சிட்டு டீ குடிக்க போயிருவோம்

அத்தை (திருவாரூர்): எங்கம்மா அப்ப ரெண்டு பேர் சட்டையும் துவைக்க மாட்டேன்னு கிணத்தடில தூக்கி போட்டாங்க ஞாபகம் இருக்கா. ஒண்ணுல காவி ஒண்ணுல பச்சை

பெரியப்பா: எதிர்ல டாக்டர் ஹண்டே. நல்ல மனுசன் அதையும் சொல்லிடணும். வாக்குச்சீட்டு எண்றப்ப மாத்தி மாத்தி முன்னால பின்னால போச்சு, டீக்கடை ரேடியோவ சுத்தி நின்னோம், ஒருத்தனும் வீட்டுக்கு போகல. கடைசில 699. சந்தோசப்படக்கூட தெம்பு இல்ல

சித்தப்பா: தோத்த ஹண்டேவ எம்ஜிஆர் சுகாதார மந்திரி ஆக்கினாரு, ஜெயிச்ச உங்காளு எதிர்க்கட்சி பெஞ்சுல உக்காந்தாரு. யாரு ஜெயிச்சாங்கன்னு நீங்களே சொல்லுங்க

தம்பி: 84 லிஸ்ட்ல காணோமே அக்கா

நான்: நிக்கவே இல்ல. 83-லயே இலங்கைத் தமிழர் பிரச்சனைக்காக அவரும் அன்பழகனும் எம்.எல்.ஏ. பதவிய ராஜினாமா பண்ணிட்டாங்க, அப்புறம் மேல்சபைக்கு போயிட்டாரு

சித்தப்பா: 84-ல எங்க தலைவர் அமெரிக்கால ஆஸ்பத்திரி கட்டில்ல படுத்துக்கிட்டே ஆண்டிபட்டில ஜெயிச்சாரு. அந்த அலைல நின்னிருந்தா 13-க்கு 13 பார்வர்டே வந்திருக்காது

பெரியப்பா: 91-ல அதவிட பெரிய அலை அடிச்சுதே, ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூர்ல செத்த உடனே நடந்த தேர்தல், தெருவுல கரைவேட்டி கட்டி நடக்க முடியல, மொத்த தமிழ்நாட்டுலயும் எங்களுக்கு துறைமுகம், எழும்பூர்னு 2 சீட்டுதான். அப்ப நின்னாரே. 890-ல ஜெயிச்சாரே

சித்தப்பா: ஜெயிச்சு என்ன பண்ணாரு, ராஜினாமா பண்ணிட்டாரு

பெரியப்பா: 🤦

அத்தை (திருவாரூர்): எங்க ஊர்ல நின்னதுல குறை சொல்ல முடியாது. நம்ம தொகுதி ரொம்ப வருஷமா ரிசர்வ், 2011-லதான் பொதுத் தொகுதி ஆச்சு, உடனே வந்துட்டாரு. அந்த வருஷம் மாநிலமே அதிமுக பக்கம் போச்சு, இங்க 50,249 வித்தியாசம். 2016-ல வேன்ல வந்தாரு, 91 வயசு, சீட்ல உக்காந்தபடிதான் பேச்சு. குரல் பாதி காத்துல போயிடுச்சு, ஆனா எங்க தெருவுல குழந்தைகூட அழல, எல்லாரும் அந்த கரகரப்பு காதுல விழணும்னு மூச்ச புடிச்சிட்டு நின்னோம். சாமி இல்லைன்னு சொன்னவரு ஆட்சிலதான் 70-ல ஆழித்தேர் திரும்ப ஓடுச்சு, அதுக்காகவே மாமியார் ஓட்டு போட்டாங்க

நான்: 2016 வித்தியாசம் 68,366. அந்தத் தேர்தல்ல மாநிலத்துலயே அதுதான் அதிகம்

தம்பி: அப்ப என் பார்வர்ட் சரிதானே, மாபெரும்தானே

சித்தப்பா: கடைசில வாங்கினது மாபெரும், ஒத்துக்கறேன். நடுவுல ரெண்டு தடவ மயிரிழை, அதையும் சேத்து போடு

பெரியப்பா: மயிரிழையோ என்னவோ, அந்த 699-ல எங்க வீட்டு ஓட்டு மூணு. நானு, உங்க பெரியம்மா, எங்கப்பா. வெயில்ல வரிசைல நின்னு போட்ட ஓட்டு, பெருமையா சொல்வேன்

பெரியம்மா: ரெண்டு

தம்பி: 👀

சித்தப்பா: அண்ணீஈஈஈஈ 🙏🙏🙏

பெரியப்பா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

பெரியப்பா: என்னடி சொல்ற

பெரியம்மா: முறுக்கு பார்சல் வந்துருச்சு. கீழ வாங்க