பிபியும் இருக்கிறது, சோடியமும் குறைவு: அப்பாவுக்கு உப்பைக் கூட்டுவதா, குறைப்பதா?

மயூர்விஹார்வாசி:
கும்பகோணத்திலிருந்து அப்பா ஏப்ரல் கடைசியில் டெல்லிக்கு எங்களோடு இருக்க வந்தார், வயது 72. பத்து வருஷமாக பிபி மாத்திரை, டெல்மிசார்ட்டன் 40 கூட ஹைட்ரோகுளோரோதயாசைடு 12.5 சேர்ந்தது. இந்த ஊர் வெயிலுக்குப் பயந்து நாங்களே அவரை விடாமல் தண்ணீர் குடிக்க வைத்தோம், நாளுக்கு நாலு லிட்டருக்குக் குறையாது. பிபிக்கு நல்லது என்று உப்பையும் பாதியாக்கிவிட்டோம். சாப்பாடு இறங்கவில்லை, காலையில் இரண்டு இட்லி, ராத்திரி கஞ்சி, அவ்வளவுதான். போன வாரம் ஒருநாள் காலையில் என்ன கிழமை என்று கேட்டால் முழிக்கிறார், நடையில் தள்ளாட்டம். பக்கவாதம் என்று நினைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஸ்கேனில் ஒன்றும் இல்லை, ரத்தத்தில் சோடியம் 121. நாலு நாள் வைத்திருந்து 132 வந்ததும் அனுப்பினார்கள். மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். தண்ணீர் ஒன்றரை லிட்டருக்குள், உப்பு அளவாக என்று சீட்டில் இருக்கிறது.

இங்கேதான் புரியவில்லை. சோடியம் குறைந்தால் உப்புதானே கொடுக்க வேண்டும்? அம்மா ஃபோனில் ஊறுகாய் கொடு, மோரில் உப்புப் போடு என்கிறாள். பிபியோ 150ல் நிற்கிறது. 44 டிகிரி வெயிலில் தண்ணீரைக் குறைக்கவும் மனசு வரவில்லை.

கரோல்பாக்காரன்:
எங்கள் பெரியப்பாவுக்கும் போன வருஷம் இதேதான். உப்பைக் குறைத்ததுதான் காரணம், வேறொன்றும் இல்லை. நன்றாக உப்புப் போட்டுக் கொடுங்கள், தெளிந்துவிடுவார். பெரியவர்களுக்கு இந்த உப்புக் கட்டுப்பாடே வேண்டாம் என்பது என் கருத்து.

ஆர்கேபுரம்அக்கா:
தம்பி, நான் சிறுநீரக வார்டில் 19 வருஷம் நர்ஸாக இருந்தவள். அம்மா சொல்வதில் தப்பில்லை, எல்லோருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும். ஆனால் ரசத்தை நினைத்துப் பாருங்கள். ரசம் சப்பென்று இருந்தால் உப்புப் போட மறந்திருக்கலாம், அல்லது தண்ணீரை அதிகமாக விளாவியிருக்கலாம். ரிப்போர்ட்டில் வரும் 121 அந்த ருசி மட்டும்தான், பானைக்குள் மொத்தம் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று அது சொல்லாது. (135லிருந்து 145 வரை சரியான அளவு.) பிபி பெரும்பாலும் பானை எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது, அதைத் தீர்மானிப்பது மொத்த உப்பு.

ஏனென்றால் வெறும் தண்ணீர் ஒரு லிட்டர் குடித்தால் மூன்றில் இரண்டு பங்கு உடம்பின் செல்களுக்குள் போய்விடும், ரத்தக் குழாய்க்குள் நிற்பது ஒரு டம்ளர்கூட இல்லை. உப்பு அப்படியில்லை. அது செல்லுக்கு வெளியே நின்று தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால்தான் உப்பு கூடினால் ரத்தத்தின் அளவும் கூடி அழுத்தமும் ஏறுகிறது. சிறுநீரகம் ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டுகிறது, அதில் ஏறக்குறைய ஒன்றரை கிலோ உப்பு இருக்கும், சில கிராம் தவிர எல்லாவற்றையும் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்கிறது! அந்தச் சில கிராமில் கொஞ்சம் பிசகினாலே பிபி மாறும். டெல்மிசார்ட்டன் வேலை செய்வதும் இங்கேதான், உப்பைப் பிடித்து வை என்று சிறுநீரகத்துக்குப் போகும் உத்தரவை அது தடுக்கிறது.

சரி, அப்பாவுக்கு என்ன ஆனது? எனக்குத் தெரிவது மூன்று விஷயம் ஒன்றாகச் சேர்ந்தது. தயாசைடு மாத்திரை உப்பை வெளியேற்றும், கூடவே நீர்த்த சிறுநீரை உண்டாக்கும் சக்தியையும் குறைத்துவிடும், வயதானவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். சாப்பாடு குறைந்ததும் கெடுதல், ஏனென்றால் தண்ணீரை வெளியே தள்ளச் சிறுநீரகத்துக்குக் கொஞ்சம் உப்பும் புரதம் செரித்து வரும் யூரியாவும் வேண்டும், கஞ்சியில் அது எங்கே இருக்கிறது? இதன் மேல் நாலு லிட்டர். நீங்கள் ஆசையாகச் செய்ததுதான், குற்றவுணர்ச்சி வேண்டாம். இப்போது ஊறுகாயைக் கொட்டினால் பிபி ஏறும். அவருக்கு இப்போது வேண்டியது பருப்பு, தயிர், முட்டை சாப்பிட்டால் முட்டை என்று ஒழுங்கான சாப்பாடு, அதில் வழக்கமான உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே, அப்பளத்தையும் சேர்த்து. ஒன்றரை லிட்டர் என்பதில் மோர், ரசம், காபி எல்லாம் கணக்கு. பகலில் வெளியே அனுப்பாமல் கூலர் முன்னால் உட்கார வையுங்கள், வியர்வை மிஞ்சினால் அளவை மாற்ற டாக்டரிடம் கேளுங்கள். தினமும் காலையில் எடை பாருங்கள், ஒரே ராத்திரியில் ஒரு கிலோ மாறினால் அது தண்ணீர்தான்.

முனிர்காமீனா:
நின்றபடியும் பிபி பாருங்கள். எங்கள் மாமனாருக்கு உட்கார்ந்தால் 148, எழுந்து மூன்று நிமிஷத்தில் 120. இருபது குறைந்தாலே டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றார்கள். இது தெரியாமல் அவர் இரண்டு முறை விழுந்தார்.

மயூர்விஹார்வாசி:
அக்கா, ரொம்ப நன்றி, ரசம் உதாரணத்தை அப்படியே அம்மாவிடம் சொன்னேன், உடனே புரிந்துகொண்டாள். இரண்டு சந்தேகம். வெயிலுக்கு ஓஆர்எஸ் பொடி கொடுக்கலாமா? கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதை வாங்கலாமா?

ஆர்கேபுரம்அக்கா:
ஓஆர்எஸ் வயிற்றுப்போக்குக்கான மருந்து, தாகத்துக்கு அல்ல. ஒரு லிட்டரில் உள்ள சோடியம் சுமார் 4.4 கிராம் உப்புக்குச் சமம், ஒரு நாள் அளவே கிட்டத்தட்ட அதில் போய்விடும். டாக்டர் சொன்னால் மட்டும் கொடுங்கள். சோடியம் குறைந்த அந்த உப்பை டாக்டரைக் கேட்காமல் வாங்கவே வாங்காதீர்கள், அதில் சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். டெல்மிசார்ட்டன் வகை மாத்திரை பொட்டாசியத்தை உடம்பிலேயே தங்க வைக்கும், அதிகமானால் இதயத் துடிப்பே தடுமாறும். புது மாத்திரையின் பெயரையும் பாருங்கள், ஒரு வாரத்தில் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) மூன்றையும் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். மறுபடி குழப்பம், வாந்தி, வலிப்பு என்றால் காத்திருக்க வேண்டாம், நேரே எமர்ஜென்சி.

கரோல்பாக்காரன்:
அக்கா, நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். இப்போதுதான் பெரியப்பாவின் மாத்திரைப் பட்டையைப் பார்த்தேன், அதிலும் அதே தயாசைடு, இன்னும் அதையேதான் சாப்பிடுகிறார். மாத்திரையை நாங்களாக நிறுத்தவில்லை. நாளைக் காலையில் ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன், ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் கூட்டிப் போகிறேன்.