காலி என்று சிப் சொன்னால் காலிதானா? ரீஃபில், ரீசெட் பற்றி ஒரு வாக்குவாதம்

பென்சில்சீவி:
பன்னிரண்டு பக்கம் மீதமிருக்கும்போது வீட்டுப் பிரிண்டர் நேற்றிரவு நின்றுவிட்டது. கறுப்பு மை தீர்ந்ததாம், கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டுமாம். கழற்றிக் காதருகே ஆட்டினேன். உள்ளே மை அசையும் ஓசை தெளிவாகக் கேட்டது. திரும்பச் செருகினாலும் அதே பிடிவாதம்.

நிறத்துக்கு ஒன்றாக நான்கு கார்ட்ரிட்ஜ். நான்கையும் புதிதாக வாங்கும் பணத்தில் கிட்டத்தட்ட இன்னொரு பிரிண்டரே வாங்கிவிடலாம். புட்டி மையும் ஊசியும், கார்ட்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் சிப்பை ஏமாற்றும் ரீசெட்டரும் வாங்கி நானே நிரப்பட்டுமா என்று இரண்டு நண்பர்களிடம் கேட்டேன். ஒருவர் "இத்தனை நாள் ஏன் செய்யவில்லை?" என்கிறார். மற்றவர் "பிரிண்டருக்குக் கருமாதி செய்யத் தயாரா?" என்கிறார். மையைத் தாளில் தெளிக்கும் ஹெட் பிரிண்டருக்குள்ளேயே நிலையாக இருக்கும் வகை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஊசிமுனை:
தாராளமாகச் செய்யுங்கள். நான் பதினோரு வருடமாகச் செய்கிறேன்.

அந்த அறிவிப்பு எப்படி வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுடையது போன்ற பல மாடல்களில் மையை நேராக அளக்கும் கருவி எதுவும் கிடையாது. எத்தனை துளி தெளித்தோம், சுத்தம் செய்ய எவ்வளவு உறிஞ்சினோம் என்று பிரிண்டர் கூட்டிக்கொண்டே வந்து, அந்தத் தொகையைச் சிப்பில் எழுதிவைக்கிறது. தொகை வரம்பைத் தொட்டதும் கதவை மூடிவிடும். தொட்டிக்குள் எட்டிப் பார்க்காமல், எத்தனை குடம் மொண்டோம் என்று எண்ணிவிட்டுத் தண்ணீர் தீர்ந்தது என்பது போன்ற கணக்கு.

ரீசெட்டரின் கால்களைச் சிப்பின் உலோகப் புள்ளிகள் மேல் நேராக வைத்து, விளக்கு நிறம் மாறும்வரை சில விநாடி அழுத்தினால் அந்தத் தொகை அழிந்துவிடும். புதிய மாடல்கள் சில இதற்கு மசிவதில்லை. அவற்றுக்குத் தானாகவே ரீசெட் ஆகும் மாற்றுச் சிப் ஒட்ட வேண்டும்.

நிறத்துக்கு ஓர் ஊசி. பெயர் எழுதி வையுங்கள். மெதுவாக ஏற்றுங்கள், அவசரப்பட்டால் குமிழி சேரும். காற்றுத் துளையை மட்டும் எக்காரணம் கொண்டும் ஒட்டிவிடாதீர்கள். மேலே காற்று நுழைய வழி இல்லையென்றால் கீழே மை இறங்காது. விளிம்புவரை நிரப்பவும் கூடாது.

பழுதுமேசை:
பென்சில்சீவி, அவசரப்பட வேண்டாம். நான் பிரிண்டர் பழுதுபார்ப்பவன். ஊசிமுனை சொன்ன கணக்கு விவரம் சரி. அந்தக் கணக்கு ஏன் முன்கூட்டியே நிற்கிறது என்பதை அவர் சொல்லவில்லை.

உங்கள் ஹெட் அனேகமாகப் பீசோ வகையாக இருக்கும். மின்சாரம் பட்டதும் நுண்படிகம் வளைந்து மையை அழுத்தித் துளியாகத் தள்ளும். அந்த அறைக்குள் காற்று புகுந்துவிட்டால் படிகம் வளையும்போது காற்றுதான் அமுங்கும், மை அசையாது. எழுத்துக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு விழும். காற்றை வெளியேற்ற நீங்கள் சுத்தம் செய்யும் பொத்தானை அழுத்துவீர்கள். ஒவ்வோர் அழுத்தலுக்கும் நான்கு நிறமும் வீணாகும். ஆட்டும்போது கேட்ட ஓசை, காற்று புகாமல் காக்க விட்டுவைத்த மை.

ரீசெட் செய்த பிறகு முழுதாக இருக்கிறது என்று பிரிண்டர் நம்பும். நீங்கள் பாதிதான் நிரப்பியிருந்தாலும் நம்பும். அப்புறம் மை தீருவதை எச்சரிக்க ஒருவரும் இல்லை. என் மேசைக்கு வருகிற ரீஃபில் கேஸ்களில் நான் அடிக்கடி பார்ப்பது மட்டமான மையைக்கூட அல்ல, இந்த மறதியைத்தான்.

ஊசிமுனை:
மறதிக்கு மருந்து பென்சிலும் காகிதமும். அதற்காக ஒரு கார்ட்ரிட்ஜின் மையில் ஒரு பங்கைக் குப்பையில் போடச் சொல்வது என்ன நியாயம்?

குமிழித்துளி:
ஹெட் வகை பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. பழுதுமேசை சொன்னது பீசோவுக்கு. எச்பி, கேனன் வெப்ப வகையில் கதையே வேறு. அங்கே ஒரு நுண்ணிய மின்தடை கண்ணிமைக்கும் நேரத்தில் ஏறத்தாழ 300 டிகிரிக்குச் சூடாகி, மையில் ஆவிக் குமிழி எழுந்து துளியைத் தள்ளும். அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போவதும் மைதான். மை இல்லாமல் அச்சிட்டால் மின்தடை கருகும், கருகினால் மீளாது. ஆனால் அந்த இரண்டு நிறுவனங்களின் பல சிறிய மாடல்களில் ஹெட் கார்ட்ரிட்ஜோடு சேர்ந்தே வருகிறது. கருகினாலும் போவது கார்ட்ரிட்ஜ் மட்டும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதுவே நல்ல பள்ளிக்கூடம்.

கேனனில் பல மாடல்களுக்கு ரீசெட்டரே தேவையில்லை. மை தீர்ந்தது என்று வரும்போது நிறுத்தும் பொத்தானை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால், இனி அளவு காட்ட மாட்டேன் என்று ஒதுங்கிக்கொண்டு தொடர்ந்து அச்சிடும்.

இன்னொரு சுவையான செய்தி. இந்த வெப்ப முறை பிறந்ததே ஊசியில்தான். 1977இல் கேனன் ஆய்வகத்தில் மை நிரம்பிய ஊசி ஒன்றின் மீது சூடான சால்டரிங் கருவி தற்செயலாகப் பட்டது. ஊசிமுனையிலிருந்து மை பீறிட்டது. ஊசியில் பிறந்த தொழில்நுட்பம் இன்று நம் ஊசியைக் கண்டு முகம் சுளிக்கிறது.

கணக்குப்பிள்ளை:
காசைப் பற்றி ஒருவரும் முழுதாகப் பேசவில்லை. நான் பேசுகிறேன்.

பிரிண்டரை மலிவாகக் கொடுத்து மையில் சம்பாதிக்கும் வியாபாரம் இது. எச்பியின் பழைய 45ஆம் எண் கறுப்புக் கார்ட்ரிட்ஜில் 42 மில்லிலிட்டர் மை இருந்தது. இன்று சிறிய பிரிண்டர்களுக்கு வரும் கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றில் சில மில்லிலிட்டர்தான். பெட்டியில் போட்டிருக்கும் "இத்தனை பக்கம்" என்ற எண்ணும் வீட்டுக்குப் பொருந்தாது. அது ஐஎஸ்ஓ 24711 தரத்தின்படி, வரையறுத்த சில பக்கங்களைத் தொடர்ச்சியாக அச்சிட்டு எடுத்த எண். வாரம் ஒருமுறை பிரிண்டரை எழுப்பி இரண்டு தாள் எடுக்கிற வீட்டில், எழும்போதெல்லாம் தொண்டையைச் செருமிக்கொள்ளவே அது கணிசமான மையைக் குடித்துவிடும்.

பென்சில்சீவியே சொல்கிறார், நான்கு கார்ட்ரிட்ஜின் விலையும் பிரிண்டர் விலையும் ஏறக்குறைய ஒன்று என்று. அப்படியானால் புட்டி மை வாங்கி இரண்டு சுற்று வெற்றிகரமாக நிரப்பினாலே, பிரிண்டரின் முழு விலையைத் தாண்டி மிச்சமாகும். மூன்றாவது சுற்றில் ஹெட் செத்தாலும் நட்டமில்லை. பழுதுமேசை எத்தனை முறை பயமுறுத்தினாலும் இந்தக் கூட்டல் கழித்தல் மாறாது.

பழுதுமேசை:
மாறும் ஐயா. மூன்றாவது சுற்றில் செத்த பிரிண்டர் எங்கே போகும் என்று உங்கள் கணக்கில் வரியே இல்லை. கார்ட்ரிட்ஜைக் குப்பையில் போடக்கூடாது என்று தொடங்கி, முழு இயந்திரத்தையும் குப்பையில் போடலாம் என்று முடிக்கிறீர்கள்.

பூட்டுடைப்பான்:
நிரப்ப வேண்டுமா என்பதை விட, நிரப்பவே விடாமல் தடுப்பதுதான் என் கோபம். காசு கொடுத்து வாங்கிய பொருள் என்னுடையது. 2016 செப்டம்பரில் எச்பி பிரிண்டர்கள் பல, வேறு நிறுவனக் கார்ட்ரிட்ஜ்களை ஒரே நாளில் மறுக்கத் தொடங்கின. எதிர்ப்பு கிளம்பிய பின் அந்தத் தடை இல்லாத மென்பொருளை அந்நிறுவனம் வெளியிட்டது. இப்படிப்பட்ட கட்டுப்பாடுகளை வாங்குபவர்களிடம் தெளிவாகச் சொல்லவில்லை என்று இத்தாலியின் போட்டி ஆணையம் 2020 டிசம்பரில் அதே நிறுவனத்துக்கு ஒரு கோடி யூரோ அபராதம் விதித்தது. 2017இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் லெக்ஸ்மார்க் வழக்கில், கார்ட்ரிட்ஜை விற்றபிறகு அதன் மீதான காப்புரிமையைக் காட்டி மறுபடி நிரப்புவதைத் தடுக்க முடியாது என்றது.

எல்லாவற்றுக்கும் மேலே 2022இன் தொடக்கம். உலகெங்கும் சிப் தட்டுப்பாடு. கேனன் தன் அலுவலக இயந்திரங்கள் சிலவற்றுக்குச் சிப் இல்லாத கார்ட்ரிட்ஜ்களை அனுப்பிவிட்டு, எச்சரிக்கையை எப்படித் தாண்டுவது என்று தானே வழி சொல்லிக்கொடுத்தது. அச்சின் தரம் குறையாது என்றும் சொன்னது. சிப்பின் அருமை அவ்வளவுதான்!

குமிழித்துளி:
கடைசி இரண்டும் டோனர் விவகாரம், பூட்டுடைப்பான். லேசர் பொடி. திரவ மைக்கும் காற்றுக்குமான தகராறு அங்கே இல்லை. இன்னொன்றையும் விட்டுவிட்டீர்கள். 2016இல்கூட, எச்பியின் சொந்தச் சிப் இருக்கும் கார்ட்ரிட்ஜை மறுபடி நிரப்பினால் அது வேலை செய்யும் என்றுதான் அந்நிறுவனம் சொன்னது. அடி விழுந்தது நகல் சிப்புக்கு. அப்படிப் பார்த்தால், தன் பழைய கார்ட்ரிட்ஜையே நிரப்புகிற பென்சில்சீவி போன்றவர்களுக்கு ஆபத்து குறைவு.

பூட்டுடைப்பான்:
டோனர் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உரிமை பற்றிய வாதத்துக்குப் பொடியும் திரவமும் ஒன்றுதான்.

பழுதுமேசை:
உரிமை உங்களுக்கு இருக்கிறது என்று நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஹெட்டில் மை வெளிவரும் நுண்துளையான நாசில் அடைத்துக்கொண்டால், அதற்குத் தீர்ப்பு நகலைப் படித்துக் காட்டினால் திறந்துகொள்ளுமா?

ஏழுவண்ணம்:
அடைப்பு என்றதும் என் பழைய காயம் நினைவுக்கு வருகிறது. புகைப்படம் அச்சிடுவது என் பைத்தியம். ஒருமுறை "எல்லா பிரிண்டருக்கும் பொருந்தும்" என்று ஒட்டிய கறுப்பு மையை வாங்கி ஏற்றினேன். என் பிரிண்டரின் கறுப்பு நிறமித் துகள் மை. வாங்கியது கரைசாய மை. இரண்டும் உள்ளே சந்தித்துத் திரிந்துவிட்டன. ஹெட்டைக் கழற்றியபோது அடியில் கூழ் போல ஒன்று அப்பியிருந்தது. நான்கு நாள் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்தும் பாதி நாசில்தான் திறந்தது. குழாய்த் தண்ணீரை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், அதன் உப்பு இன்னோர் அடைப்பு.

அதற்காக ரீஃபிலே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். என்ன மை என்று தெரியாமல் வாங்காதீர்கள். நிறுவனத்தின் மையில் நிறத்தோடு, உலராமல் காக்கும் கிளைக்கால் வகைகளும் பூஞ்சை வராமல் தடுக்கும் பொருளும் இருக்கும். பாகுத்தன்மையும் அந்த ஹெட்டுக்கென்று அளந்து வைத்தது. மலிவுப் புட்டியில் இதையெல்லாம் யார் பார்த்தார்கள்? சுவரில் மாட்டும் படத்துக்கு நான் இன்றும் நிறுவன மைதான். கரைசாயத்தில் எடுத்த ஒரு படம் ஜன்னலோரச் சுவரில் ஒரே வருடத்தில் சோகை பிடித்துவிட்டது. கணக்குத் தாளும் விண்ணப்பப் படிவமும் எந்த மையில் இருந்தால் என்ன?

மாதம்இருதாள்:
நீங்கள் எல்லோரும் சண்டை போடுங்கள். மாதத்துக்கு இரண்டு தாள் அச்சிடுகிற நான் இரண்டு கட்சியிலும் இல்லை. என் பிரிண்டரில் மை தீர்ந்ததே கிடையாது, காய்ந்ததுதான் உண்டு. காய்ந்ததற்கு ரீஃபில் என்ன செய்யும்? கறுப்பு எழுத்து மட்டும் போதும் என்று லேசருக்கு மாறினேன், பொடி காய்வதில்லை. நிறையவும் நிறத்திலும் அச்சிடுகிறவர்கள் டேங்க் பிரிண்டர் பக்கம் போகலாமே. எப்சன் 2010இலேயே இந்தோனேசியாவில் அதைக் கொண்டுவந்துவிட்டது, இப்போது வேறு நிறுவனங்களும் விற்கின்றன. புட்டியைக் கவிழ்த்தால் ஆயிற்று, ஊசியும் வேண்டாம், சிப்போடு மல்லுக்கட்டவும் வேண்டாம்.

ஊசிமுனை:
என்னைப் போன்ற ரீஃபில்காரர்கள் இருபது வருடமாக ஊசியால் செய்ததைத்தான் அவர்கள் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். ரீஃபில் தவறு என்றால் டேங்க் எப்படிச் சரி?

பழுதுமேசை:
டேங்கில் மையை நிறுவனமே அந்த ஹெட்டுக்கென்று தருகிறது, அளவைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டும் ஒன்றல்ல. டேங்க்காரர்களும் துள்ள வேண்டாம். சுத்தம் செய்யும்போது உறிஞ்சிய மை அடியில் ஒரு பஞ்சில் போய்ச் சேர்கிறது. அதற்கும் ஒரு கணக்கு உண்டு, நிறைந்ததும் பிரிண்டர் படுத்துவிடும். மென்பொருளால் அந்தக் கணக்கை மட்டும் ரீசெட் செய்துவிட்டுப் பஞ்சை மாற்றாமல் விட்டவரின் மேசைவிரிப்பை நான் பார்த்திருக்கிறேன். நான்கு நிறமும் கலந்தால் எப்படியொரு அழுக்குப் பழுப்பு வரும் தெரியுமா?

பென்சில்சீவி, எப்படியும் செய்யத்தான் போகிறீர்கள், தெரிகிறது. கண்ணை மூடிக்கொண்டு செய்யாதீர்கள். கிராமில் பத்தில் ஒரு பங்கு காட்டும் சிறிய தராசு ஒன்று வாங்குங்கள். கார்ட்ரிட்ஜை இப்போது எடை போடுங்கள். மிச்ச மையை உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். நிரப்பிய பின் இன்னொரு முறை. மை தண்ணீரைவிடச் சற்றுதான் கனம், ஒரு கிராமை ஒரு மில்லிலிட்டர் என்றே வைத்துக்கொள்ளலாம். சிப் பொய் சொன்னாலும் தராசு சொல்லாது.

ஊசிமுனை:
பதினோரு வருடத்தில் எனக்கே தோன்றாத யோசனை. பழுதுமேசையிடமிருந்து வருகிறதே என்பதுதான் வயிற்றெரிச்சல்.

பென்சில்சீவி:
எல்லோருக்கும் நன்றி. நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். "காலி" என்ற கார்ட்ரிட்ஜிலிருந்து 1.8 கிராம் மை எடுத்தேன். உறையில் போட்டிருப்பது 11 மில்லிலிட்டர். ஆறில் ஒரு பங்கு கிட்டத்தட்ட அப்படியே இருந்திருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
ஆறு கார்ட்ரிட்ஜ் வாங்கினால் ஒன்றைத் திறக்காமலே எறிகிறோம். வேறென்ன சொல்ல.

பழுதுமேசை:
அந்த 1.8 கிராம்தான் உங்கள் ஹெட்டுக்குள் காற்று போகாமல் பார்த்துக்கொண்டது. நான் வேறென்ன சொல்ல.

பென்சில்சீவி:
இருவரும் இருங்கள், மீதியைச் சொல்லிவிடுகிறேன். ஏழுவண்ணம் சொன்னபடி மாடல் எண்ணைப் பார்த்து நிறமி மையே வாங்கினேன். 9 கிராம் ஏற்றினேன், ரீசெட் ஆனது. முதல் இரண்டு பக்கம் முத்து முத்தாக வந்தது. மூன்றாவதில் எழுத்துகளுக்கு நடுவே வெள்ளைக் கோடு. பதறிப்போய் இருமுறை சுத்தம் செய்தேன், கோடு அதிகமானது. ஊசிமுனைக்குத் தனியாக எழுதிக் கேட்டேன். குமிழி மேலேற நேரம் கொடுங்கள், இன்றிரவு தொடாதீர்கள் என்றார். காலையில் சோதனைத் தாளில் ஒரு கோடும் இல்லை. கைவிரல்தான் இன்னும் கறுப்பாக இருக்கிறது.

கார்ட்ரிட்ஜ் மேல் ஒரு சீட்டு ஒட்டி, நிரப்பிய தேதியையும் எடையையும் எழுதிவைத்திருக்கிறேன். உள்ளிருக்கும் மை 2 கிராமுக்கு இறங்கும்போது, சிப் என்ன சொன்னாலும் நிறுத்திவிடுவேன்.

சற்றுமுன் மஞ்சள் காலி என்று வந்திருக்கிறது. தராசை எடுத்துவருகிறேன்.