முதலைத்தோல் பைக்கு ஆர்டர் போடும் முன்

கல்யாணமாகி மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வந்து இரண்டு மாதமே ஆன ஒரு தங்கச்சி கேட்டிருந்தார்: வெளிநாட்டு இணையக் கடையில் மலைப்பாம்புத்தோல் கைப்பை ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இங்கே செம்பனைத் தோட்டத்தில் எலி தேடி வரும் மலைப்பாம்பைக் கண்டால் தூர நின்று ஆள் கூப்பிடுவார்கள். அதே தோல் பையாகி வந்தால் ஆயிரக்கணக்கில் வெள்ளி. (வெள்ளி என்றால் ரிங்கிட். காப்பிக்கடையில் ஒரு வாரத்தில் பழகிவிடும்.)

நானும் இதே வேலையைச் செய்து மாட்டியவள்தான். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த இரண்டாம் வருடம், யாரோ பயன்படுத்திய பாம்புத்தோல் பர்ஸ் ஒன்றை ஆர்டர் செய்தேன். பழைய சாமானுக்கு என்ன பெர்மிட் என்ற நினைப்பு. பெட்டிக்குப் பதிலாக ஒரு கடிதம் வந்தது. விற்றவரிடம் கேட்டால், "எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லையே" என்றார். ஈப்போவுக்கு மூன்று முறை பஸ் ஏறி இறங்கினேன். பணமும் போச்சு, பர்ஸும் போச்சு. அதை ஒருமுறை கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம்தான் விவரம் புரிந்தது. அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம்தான் சைட்ஸ் (CITES). முதலை இனம் ஒன்று விடாமல் எல்லாமே அதன் பட்டியலில் இருக்கிறது, மலைப்பாம்பும் அப்படியே. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 1975இல். மலேசியாவில் அதற்கென்றே 2008ஆம் ஆண்டின் சட்டம் 686 இருக்கிறது. பட்டியலில் உள்ள உயிரினத்தின் தோலில் செய்த பொருளானாலும் பெர்மிட் இல்லாமல் உள்ளே கொண்டுவருவது குற்றம். தீபகற்பத்தில் பெர்மிட் கொடுப்பது 'பெர்ஹிலித்தான்' என்ற வனவிலங்குத் துறை. சபா, சரவாக்குக்குத் தனி அலுவலகங்கள்.

ஆக, இரண்டு காகிதம் வேண்டும். ஒன்று, அனுப்பும் நாட்டின் ஏற்றுமதி பெர்மிட். பை வேறொரு நாட்டிலிருந்து அங்கே வந்ததென்றால் மறு ஏற்றுமதிச் சான்றிதழ். இன்னொன்று, இங்கே நீங்கள் எடுக்கும் இறக்குமதி பெர்மிட். இரண்டும் பெட்டி கிளம்பும் முன்பே கையில் இருக்க வேண்டும். வந்து சேர்ந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள். ஏற்றுமதி பெர்மிட் ஆறு மாதம்தான் செல்லும். கையில் கொண்டுவரும் சொந்தப் பொருளுக்குச் சலுகை உண்டு என்று சிலர் சொல்வார்கள். முதலைத்தோல் பொருள் ஆளுக்கு நாலு வரை என்று சைட்ஸ் தீர்மானமே இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு நாடும் இதைவிடக் கடுமையாக விதி வைத்துக்கொள்ளலாம். தபாலில் வரும் பைக்கோ அந்தச் சலுகை அறவே கிடையாது.

தீக்கோழித்தோல் வேறு கதை. தென்னாப்பிரிக்கப் பண்ணைத் தீக்கோழி பட்டியலில் இல்லை. இறகு பிடுங்கிய இடத்தில் சின்னச் சின்னப் புடைப்பு தெரியும், தடவினாலே புரியும்.

முதலையா, மாட்டுத்தோலில் அச்சடித்ததா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அச்சென்றால் கட்டங்கள் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும். நிஜமான முதலைத்தோலில் ஒவ்வொரு செதிலிலும் ஊசியால் குத்தியதுபோல் ஒரு புள்ளி இருக்கும்; அலிகேட்டர் என்ற இன்னொரு முதலை வகையின் வயிற்றுத்தோலில் அது இருக்காது. பாம்புத்தோலைக் கொஞ்சம் வளைத்தால் செதில் ஓரம் நகம்போல் தூக்கிக்கொள்ளும்.

அச்சடித்த மாட்டுத்தோலுக்கு சைட்ஸ் பெர்மிட் தேவையில்லை. ஆனால் விற்பவர் ஆசைக்கு "அசல் முதலை" என்று பில்லில் எழுதிவிட்டால் அதை இல்லை என்று நிரூபிப்பது உங்கள் தலைவலி. பில்லில் மாட்டுத்தோல் என்றே எழுதச் சொல்லுங்கள்.

வரியும் உண்டு. 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட இணையப் பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 சதவீத விற்பனை வரி. பெரும்பாலும் கடையே பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் சுங்கத்தில் கணக்குப் போடுவார்கள். "கிஃப்ட் என்று எழுதி விலையைக் குறைத்துப் போடுகிறேன் அக்கா" என்று விற்பவர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பொய்க் கணக்கும் பெர்மிட் இல்லாத தோலும் ஒரே பெட்டியில் இருந்தால் யார் காப்பாற்றுவது?

லீவுக்கு ஊருக்குப் போகும்போது அந்தப் பையை மாட்டிக்கொண்டு போகிறவர்களும் யோசியுங்கள். இந்திய வனவிலங்குச் சட்டத்தில் 2022 திருத்தம் வழியாக சைட்ஸுக்குத் தனி அத்தியாயமே சேர்த்துவிட்டார்கள். 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது.

தங்கச்சி, பணம் கட்டும் முன் கடைக்காரருக்கு ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள்: இந்தத் தோலின் அறிவியல் பெயர் என்ன, ஏற்றுமதி பெர்மிட்டின் படத்தை அனுப்ப முடியுமா? இரண்டு நாளாகியும் நேரான பதில் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். நான் இப்போது மாட்டிக்கொண்டு திரிவது பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 35 வெள்ளிக்கு வாங்கிய "முதலை". மழையில் நனைந்தால் துடைத்துவிடலாம், சுத்தமான பிளாஸ்டிக்.