பசென்ஜி நம்ம டெல்டா வீட்டுக்கு ஒத்துவருமா? வளர்ப்பவர்கள் சொல்லுங்கள்

மன்னார்குடியிலிருந்து கேள்வி
ஓட்டு வீடு, பின்னால் கொல்லை, நாலடி மதில். கொல்லையில் நாட்டுக்கோழி மேயும். குரைக்காது, நாத்தம் அடிக்காது என்பதால் பசென்ஜி ஜாதி நாய் வாங்க யோசனை. நம்ம வெயில் தாங்குமா? காவலுக்கு ஆகுமா?

கும்பகோணம்
வெயிலுக்குப் பயப்படாதீங்க தம்பி. காங்கோ படுகையின் வேட்டை நாய் இது. முடி குட்டை, உடம்பு ஒல்லி. ஆண் 43 செ.மீ. உயரம், 11 கிலோ. பெண் 40 செ.மீ., 10 கிலோ. கத்திரியில் உச்சிப்பொழுது உள்ளே இருக்கட்டும். தார் ரோட்டில் புறங்கையை 7 விநாடி வைக்க முடியாவிட்டால் நடத்திக் கூட்டிப்போகாதீங்க, பாதம் வெந்துவிடும்.

தொல்லை எல்லாம் ஐப்பசி, கார்த்திகையில்தான். கால் நனைவதே இதற்குப் பிடிக்காது. அடைமழையில் வாசற்படி வரை வரும், முன்னங்கால் ஒன்றை நீட்டி ஈரத்தைத் தொடும், உடனே உதறிவிட்டு உள்ளே போய்விடும். மூத்திரத்தை மணிக்கணக்கில் அடக்கி வைத்துக் கடைசியில் கட்டில் காலில் விடும். கோடையில் கொல்லைக்குப் போய்ப் பழகிய குட்டி, கொல்லை தண்ணீரில் நிற்கும்போது எங்கே போவது என்று தெரியாமல் முழிக்கும். அதனால் புரட்டாசிக்கு முன்பே தாழ்வாரத்து ஓரத்தில் நாலடிக்கு மூன்றடி செங்கல் கட்டி, நாலு அங்குலம் மணல் பரப்புங்கள். விடிந்ததும், சாப்பிட்டதும், தூங்கி எழுந்ததும் அங்கே நிறுத்தி, போனவுடன் ஒரு துண்டு கறி. மேல்மணலை அடிக்கடி மாற்றாவிட்டால் அதிலும் கால் வைக்காது.

திருவாரூர்
நாலடி மதில் பத்தாது அண்ணே. பசென்ஜி தாவுவதோடு நிற்காது, ஏறும். கம்பிவலை வேலியில் கால்விரலை மாட்டி மாட்டி ஏறிவிடும். ஆறடிச் சுவர், உள்பக்கம் பூசி வழவழப்பாக இருக்கணும். பூசினாலும் சுவரை ஒட்டித் தண்ணீர்த் தொட்டி, உரல், மட்டைக் குவியல் கிடந்தால் அதுவே படி. சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி வையுங்கள். கேட்டுக்கு அடியில் இடைவெளி இருந்தால் தோண்டும், அங்கே கருங்கல் பதிக்கணும்.

கழுத்துப்பட்டையும் சாதாரணமானது வேண்டாம். பின்னால் இழுத்துத் தலையைக் கழற்றிக்கொண்டு ஓடிவிடும். இழுத்தால் இறுகும் மார்ட்டிங்கேல் பட்டைதான் சரி. வீட்டில் இருக்கும்போது அதைக் கழற்றிவிடுங்கள், எதிலாவது மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கிவிடும்.

நீடாமங்கலம்
வயல் பக்கம் கயிறு இல்லாமல் விடவே விடாதீங்க. அறுவடை முடிந்து வாத்துக் கூட்டம் மேய வரும் நேரம் தெரியும்ல? இது கண்ணாலும் மூக்காலும் வேட்டையாடுவது. வாத்தோ முயலோ கண்ணில் பட்டு ஓடத் தொடங்கிவிட்டால் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்பாது. எவ்வளவு பழக்கினாலும் இதை நம்பக்கூடாது. 10 மீட்டர் நீளக் கயிறு போட்டு ஓடவிடலாம்.

வரப்பில் இரண்டு ஆபத்து. ஒன்று, எலிக்கு வைக்கும் மூங்கில் கிட்டி. எலி வளையில் மூக்கை நுழைக்கும் நாய்க்கு மூக்கோ காலோ மாட்டும். இன்னொன்று ஜிங்க் பாஸ்பைடு கலந்த எலி மருந்து. வயிற்று அமிலம் பட்டதும் விஷவாயு கிளம்பும், இதற்கு மாற்று மருந்து கிடையாது. தின்றது தெரிந்தால் சோறு, பால் எதுவும் ஊட்டாதீங்க. தீனி போனால் அமிலம் இன்னும் சுரக்கும். நேரே மருத்துவரிடம் தூக்குங்கள். வழியில் வாந்தி எடுத்தால் வண்டிக் கண்ணாடியைத் திறந்து வையுங்கள், அந்த வாயு நமக்கும் ஆகாது.

மயிலாடுதுறை
காவலுக்கு என்றால் இதை வாங்காதீங்க. ராஜபாளையமோ கோம்பையோ பாருங்கள், அந்த வேலைக்கு அதுதான் சரி. குரைக்காது என்பது உண்மைதான். ஆனால் ஊமை இல்லை. சந்தோஷம் வந்தால் ராகம் இழுக்கும், தனியாக அடைத்தால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறும். வீட்டில் எல்லாரும் வேலைக்குப் போய்ப் பகல் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீடு என்றால் கோரைப்பாய், செருப்பு, மோட்டார் வயர் ஒன்றும் மிஞ்சாது. காலை, மாலை முக்கால் மணி நேரம் நடை கட்டாயம். அது முடியாத வீட்டுக்கு இந்த நாய் வேண்டாம் என்பதுதான் என் முடிவான கருத்து.

வாங்கும்போது ஒரு விஷயம். பெட்டை பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு தடவைதான் பருவத்துக்கு வரும். ஒரே பெட்டையிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு ஈத்துக் குட்டி விற்பதாகச் சொன்னால் கேள்வி கேளுங்கள். நெற்றிச் சுருக்கம், சுருண்ட வால், செம்பட்டை நிறம் மூன்றும் நம்ம தெருநாய்க் குட்டிக்கும் அமைவது உண்டு. கென்னல் கிளப் ஆஃப் இந்தியா பதிவுச் சான்றைக் கேளுங்கள், அதிலுள்ள மைக்ரோசிப் எண்ணைக் குட்டியின் மேல் ஸ்கேன் செய்து ஒத்துப்பாருங்கள்.

ஒரத்தநாடு
சான்றோடு தாய், தகப்பன் இரண்டுக்கும் ஃபான்கோனி டி.என்.ஏ. சோதனை முடிவையும் கேட்டு வாங்குங்கள் சார். இந்த இனத்தில் அதிகம் வரும் பரம்பரைச் சிறுநீரகக் கோளாறு அது. உடம்புக்குத் தேவையான சர்க்கரை, உப்புகள், அமினோ அமிலம் எல்லாம் சிறுநீரில் வெளியே போய்விடும். இரண்டு பெற்றோரும் அந்த மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. தாய், தகப்பனில் ஒன்றுக்கு அந்த மரபணு இல்லாவிட்டால் குட்டிக்கு நோய் வராது.

பெரும்பாலும் 4 வயதுக்கு மேல்தான் தலைகாட்டும். 3 வயதிலிருந்து மாதம் ஒரு தடவை காலைச் சிறுநீரில் குளுக்கோஸ் பட்டை (சர்க்கரை இருந்தால் நிறம் மாறும் ஸ்ட்ரிப்) நனைத்துப் பாருங்கள், மருந்துக் கடையில் மனிதர்களுக்கு விற்பதே போதும். பட்டை நிறம் மாறினால் உடனே ரத்தச் சர்க்கரையையும் பார்க்கணும். சிறுநீரில் சர்க்கரை, ரத்தத்தில் சரியான அளவு என்றால் அது சர்க்கரை நோய் இல்லை. அவசரப்பட்டு இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. தண்ணீரை அதிகமாகக் குடித்து அதிகமாக மூத்திரம் போவது முதல் அறிகுறி. இங்கே ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சந்தேகம் என்றால் பட்டையையும் கொண்டுவந்து காட்டுங்கள்.

நம்ம தண்ணீர்க்காட்டு ஊருக்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் விடக்கூடாது. முதலில் இரண்டு ஊசி, பிறகு வருடா வருடம்.

மன்னார்குடி
நன்றி அண்ணே, நன்றி சார். மதிலை உயர்த்திவிடலாம். கோழி?

திருவாரூர்
கோழியும் இதுவும் ஒரே கொல்லையில் திறந்து மேய முடியாது. குட்டியிலிருந்து சேர்ந்து வளர்ந்தாலும் ஒருநாள் கோழி படபடத்து ஓடினால் முடிந்தது. கோழிக்குத் தனி அடைப்பு: கீழே இரண்டடி உயரம் செங்கல், அதற்கு மேலும் கூரைக்கும் வலை, கதவுக்கு உள்ளும் வெளியும் இரண்டு தாழ்ப்பாள். இதற்கு மனசில்லை என்றால் கோழியை வைத்துக்கொண்டு சிப்பிப்பாறையும் வாங்காதீங்க, அதுவும் துரத்துகிற ஜாதிதான்.